30 ரூபாய் குமாஸ்தாவுக்கு 75 ரூபாய் உதவித் தொகை!

சென்னை நந்தனத்தில், அண்ணா சாலை ஓரத்தில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி திறக்கும் மாதங்களில் இது போன்ற அரசுக் கல்லூரிகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

வீட்டிலேயே முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பையன். அவனோடு அப்பாவோ, அம்மாவோ. கையில் ஒரு பை. பைக்குள் ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாங்கிப் புத்தகம்.

"உதவித் தொகை கிடைக்குமா, சார்?"

இதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர், உதவித் தொகை அலுவலகத்தின் தலைவர். அவர் மேஜையில் விண்ணப்பங்கள் மலை போல் குவிந்து கிடக்கும். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் எப்படி நடந்து கொள்ள வேண்டும்?

இதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த உண்மைச் சம்பவம்!

துறைமுகத்தில் ஓர் இளைஞர்

நந்தனத்தில் மெட்ரோ ரயில் ஏறி, உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்தில்தான் துறைமுகம். 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி அங்கே ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வயது 24. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

அவர்தான் சீனிவாச ராமானுஜம்.

கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை துணிக்கடைக் குமாஸ்தா. பள்ளிக்கூடத்தில் ராமானுஜம் கணக்கில் புலி. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித் தொகையோடு சேர்ந்தார். அந்தக் காலத்தில் அதை "உபகாரச் சம்பளம்" என்பார்கள்.

ஆனால், அவர் மனம் கணக்கைத் தவிர வேறு எதிலும் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார். உதவித் தொகை நின்று விட்டது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார்.

பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எப்.ஏ. தேர்வில் தோல்வி. பட்டம் இல்லை. வேலை இல்லை. சில நாட்கள் சோறும் இல்லை. கணக்கு நோட்டுகள் மட்டும் நிரம்பிக் கொண்டே இருந்தன.

வாக்கர் எழுதிய கடிதம்

துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அதிகாரி நாராயண ஐயர் ஆகியோர் ராமானுஜத்தை ஊக்குவித்தார்கள். 1913 ஜனவரியில் இங்கிலாந்தில் உள்ள கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜம் கடிதம் எழுதினார். ஹார்டி வியந்து போய்ப் பதில் எழுதினார்.

அடுத்த மாதம் வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் கணிதம் கற்றவர். ராமானுஜத்தின் நோட்டைப் பார்த்தார். பிப்ரவரி 26-ந்தேதி சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். வயிற்றுப் பிழைப்புக் கவலை இல்லாமல், சில ஆண்டுகள் முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட இவருக்கு வழி செய்ய வேண்டும் என்று கேட்டுக் கொண்டார்.

விதியில் இடம் இல்லை!

மார்ச் 19-ந்தேதி கணிதப் பாடக்குழு கூடியது. மாதம் 75 ரூபாய் வீதம் 2 ஆண்டுகள் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது.

ஆனால் ஒரு சிக்கல். ஆராய்ச்சி உதவித் தொகை எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்குத்தான் உண்டு. ராமானுஜமோ எப்.ஏ. கூடத் தேறாதவர்!

"விதியில் இடம் இல்லை" என்று எழுதிக் காகிதத்தைத் திருப்பி அனுப்பி இருக்கலாம். யாரும் குறை சொல்லி இருக்க முடியாது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

விதிகளுக்கும் மேலே இருக்கும் சட்டத்தை எடுத்துப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தை ஏற்படுத்திய சட்டமும், 1904-ம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டமும் இதற்கு இடம் தருகின்றன. கவர்னரின் சம்மதம் மட்டும் வேண்டும் என்று கண்டார்கள். பதிவாளர் டியூஸ்பரி சர்க்காருக்கு எழுதினார். சம்மதம் கிடைத்தது.

மே 1-ந்தேதி முதல் ராமானுஜத்துக்கு மாதம் 75 ரூபாய். துறைமுகச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு! வாக்கர் கடிதம் எழுதிய 64 நாட்களில் இது நடந்தது.

இதில் குறுக்கு வழி எதுவும் இல்லை. அறிஞரின் கடிதம், குழுவின் தீர்மானம், சர்க்காரின் அனுமதி எல்லாம் எழுத்தில் இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ராமானுஜமும் தவறாமல் தந்தார்.

தாய்க்கு 60 ரூபாய்

1914-ல் அவர் இங்கிலாந்து செல்லவும் பல்கலைக்கழகமே உதவியது. ஆண்டுக்கு 250 பவுன். கப்பல் செலவு தனி. அதில் மாதம் 60 ரூபாயைத் தன் தாய்க்குக் கொடுக்கும்படி ராமானுஜம் ஏற்பாடு செய்தார். மார்ச் 17-ந்தேதி கப்பல் ஏறினார்.

1918-ல் எப்.ஆர்.எஸ். என்ற பெரும் விருது அவரைத் தேடி வந்தது. 1920 ஏப்ரல் 26-ந்தேதி, தன் 32-வது வயதில் சென்னையில் காலமானார். அவர் விட்டுச் சென்ற கணக்குகளை உலகம் இன்னும் ஆராய்ந்து கொண்டிருக்கிறது.

ஓர் எழுத்துப் பிழை

இன்று உதவிகள் பெருகி விட்டன. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான கல்லூரி உதவித் தொகை 1944-லேயே தொடங்கியது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022-ல் வந்தது. மாணவர்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" 2024-ல் வந்தது.

ஆனாலும் பணம் தடைப்படுவது உண்டு. காரணம் என்ன? சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து. பாங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கவில்லை. கடைசித் தேதி தாண்டி விட்டது.

பெற்றோர்களே! பெயரும் தலைப்பெழுத்தும் எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். விண்ணப்பம் திரும்பி வந்தால், என்ன குறை என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

அலுவலகத் தலைவரின் கடமை இன்னும் பெரியது. தள்ளி வைத்த விண்ணப்பங்களை அவரே ஒரு முறை படிக்க வேண்டும். பிழை இருந்தால் மாணவனைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். விதியில் வழி இல்லை என்றால், வழி செய்யக் கூடிய மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

கையில் பையோடு நிற்கும் பையன் இன்னொரு ராமானுஜமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவன் படித்து முடித்து, வேலைக்குப் போய், முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தால் போதாதா?