அடுத்த வாரம் வரும் கடிதம்

பூதப்பாண்டியைச் சுற்றியுள்ள வயல்களில் ஆண்டுக்கு இரண்டு பூ. கன்னிப்பூ ஒன்று, கும்பப்பூ மற்றொன்று. நாஞ்சில் நாட்டு உழவனைப் போலக் காத்திருக்கத் தெரிந்தவர் வேறெங்கும் இரார் என்பது நம் துணிபு. விதைத்த நாளுக்கும் அறுக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று கேட்டால், யோசியாமல் விரல் மடக்கிச் சொல்வான். மழை பொய்க்கலாம், பேச்சிப்பாறைத் தண்ணீர் பிந்தி வரலாம். ஆயினும் பயிர் வளர்ந்து வருவதை அவன் நாள்தோறும் வரப்பில் நின்று கண்ணால் காண்கிறான். களை எடுக்கிறான், மடை மாற்றுகிறான். காத்திருக்கும் காலம் முழுவதும் அவன் கைக்கு வேலை இருக்கிறது.

அதே வரப்பை ஒட்டிய வீடுகளில் இன்று வேறொரு காத்திருப்பு நடைபெறுகிறது. அதற்கு நாள் கணக்கு இல்லை; கைக்கு வேலையும் இல்லை. கடல் கடந்த நாட்டிலிருந்து வரவேண்டிய உத்தியோகக் கடிதத்துக்கான காத்திருப்பு அது. தாடகை மலை அடிவாரத்திலிருந்து பழையாற்றங்கரை வரையில், இந்தக் காத்திருப்பை அறியாத தெரு அருமை. நர்ஸ் படிப்பு முடித்த பெண், பற்றவைப்பு வேலை கற்ற பையன், குழாய் வேலைக்காரர், கணக்கெழுதும் பட்டதாரி என்று தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். விசாரித்தால், ஒரே பதில்தான்: “அடுத்த வாரம் வந்துவிடுமாம்!”

அந்த ‘அடுத்த வார’த்தின் விலை என்ன? அதைக் கணக்கிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வீட்டுக் கணக்கு

நாம் நன்கு அறிந்த குடும்பம் ஒன்று. பெயர் வேண்டாம். நம்மிடம் படித்த பெண். நர்ஸ் பட்டம் பெற்று நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாதம் பதினையாயிரம் ரூபாய் சம்பளத்தில் இருந்தாள். சவூதி அரேபியாவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுப்பதாக அறிந்து கொச்சிக்குச் சென்று நேர்முகத் தேர்வு எழுதினாள்; தேறினாள். சில நாட்களில் ‘ஆபர் லெட்டர்’ என்ற காகிதம் கைப்பேசியில் வந்தது. ஏஜெண்டு மூன்று லட்சம் ரூபாய் கேட்டார். “பதினைந்து நாளில் புறப்பட வேண்டும், இருக்கிற வேலையை விட்டுவிடுங்கள்” என்றும் சொன்னார். வீட்டார் நகைகளை அடகு வைத்தார்கள். பெண் வேலையை விட்டாள். பெட்டியும் வாங்கியாயிற்று.

பதினைந்து நாள் எட்டு மாதமாயிற்று.

ஒருநாள் தாயார் அந்தக் காகிதத்தை நம்மிடம் நீட்டி, “சார், இதுல தேதி எங்கயாவது போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. நாங்க பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு” என்றார். இரண்டு முறை படித்தோம். சம்பளம் இருந்தது, ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது, புறப்படும் தேதி எங்குமே இல்லை.

பள்ளிக்கூட வாத்தியார் என்ற பழக்கத்தால் நாம் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டோம். மூன்று லட்சத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்றால், மாதம் மூவாயிரம். எட்டு மாதத்துக்கு 24,000 ரூபாய். விட்ட சம்பளம் 1,20,000 ரூபாய். ஆக 1,44,000 ரூபாய். முதல் அப்படியே கடனாக நிற்க, இத்தொகை வெறும் காத்திருப்புக்குக் கொடுத்த விலை. அந்தப் பெண்ணின் தொழிலில், வேலையிலிருந்து விலகியிருந்த ஒவ்வொரு மாதமும் அனுபவத்தில் ஓர் இடைவெளியாக விழுகிறது, “இத்தனை நாள் என்ன செய்தாய்?” என்று அடுத்த முதலாளி கேட்பார். அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஏன் தாமதம்?

எல்லாத் தாமதமும் மோசடியன்று. அயல்நாட்டு வேலை என்பது ஒரே கதவுள்ள வீடு அல்ல. ஏழு கட்டுகள் உள்ள பழைய மாளிகை. முதலாளி ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு, தம் நாட்டுச் சர்க்காரிடம் இத்தனை விசா என்று அனுமதி பெறவேண்டும். படிப்புச் சான்றிதழ்கள் உண்மையா என்று, அவற்றைக் கொடுத்த இடத்திலேயே சரிபார்க்கிறார்கள். தூதரக முத்திரை வேண்டும். போலீஸ் சான்று வேண்டும். மருத்துவப் பரிசோதனை வேண்டும். இவற்றுள் சிலவற்றுக்குக் குறிப்பிட்ட ஆயுள்தான் உண்டு. ஒரு காகிதம் வந்து சேருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிட, மறுபடியும் பணம் கட்டி முதலிலிருந்து தொடங்க நேரிடுகிறது.

இவை தவிர, ராஜ்யங்களின் முடிவுகள் இருக்கின்றன. 1939இல் இந்திய சர்க்கார், தொழிற்பயிற்சி இல்லாத கூலிகள் இலங்கை செல்வதைத் தடை செய்தபோது, மூட்டை கட்டியவர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். சவூதி அரேபியா தன் நாட்டவருக்கு வேலையில் முதலிடம் தரும் ‘நிதாகத்’ திட்டத்தை 2011இல் கொண்டுவந்து 2013இல் கண்டிப்பாக நடத்தியபோது, பல கம்பெனிகளில் ஆள் எடுப்பு தடுமாறியது. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் இந்தியாவின் வழக்கமான அயல்நாட்டு விமானப் போக்குவரத்து நின்றது; அது முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27ஆம் தேதிதான். இடையில் சிறப்பு விமானங்கள் சில பறந்தன என்றாலும், கையில் விசாவுடன் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். இவற்றுக்கெல்லாம் ஏஜெண்டைக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

ஆனால் வேறொரு தாமதம் உண்டு. பத்துப் பேர் வேண்டும் இடத்துக்கு முப்பது பேரைத் தேர்ந்தெடுத்துக் கைவசம் வைத்துக்கொள்வது. ஒருவர் விலகினால் மற்றொருவரை அனுப்பலாம் அல்லவா? கடையில் சரக்கு அடுக்கி வைப்பது போல மனிதரை அடுக்கி வைக்கும் முறை இது. அடுக்கில் இருக்கும் சரக்குக்கு வட்டி கட்டுபவர் கடைக்காரர். இங்கோ, வட்டி கட்டுவது சரக்கே!

அன்று யார் செலவு?

காத்திருப்பு தமிழனுக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்கள் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றப்பட்டார்கள். ஒருகாலத்தில் அவர்களுடைய வழிச் செலவு முழுவதும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. தோட்டத்தை விட்டுத் தோட்டம் மாறினாலும், ‘துண்டு’ என்ற கடன் சீட்டு நிழல் போலத் தொடர்ந்தது. தேசாபிமானிகள் கண்டித்து எழுதினார்கள், பேசினார்கள். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதையடுத்து, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பொது நிதியிலிருந்தே ஆள் சேர்க்கும் செலவும் பிரயாணச் செலவும் கொடுக்கப்பட்டன.

தோட்ட வாழ்க்கை சொர்க்கமாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு நியாயம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டது: ஆள் வேண்டுமென்று கேட்பவர் யாரோ, ஆளைக் கொண்டுவரும் செலவு அவருடையது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1997இல் ஏற்ற 181ஆம் உடன்படிக்கையும், வேலை தேடித்தரும் தனியார் நிறுவனங்கள் பொதுவாகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றே கூறுகிறது. எழுதப்படிக்கத் தெரியாத கூலிக்குக் கிடைத்த அந்த நியாயம், பட்டம் பெற்ற நம் பெண்ணுக்கு மறுக்கப்படுவது விந்தையல்லவா?

சட்டம் சொல்வது

1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1983இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்படி, உரிமம் பெற்றவர்தான் அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். 2017இல் திருத்திய விதிப்படி, ஏஜெண்டு வாங்கத்தக்க உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுத்தே ஆகவேண்டும். மூன்று லட்சம் எங்கே, முப்பதாயிரம் எங்கே!

இந்த இடைவெளி எவ்வளவு அகலமாகக்கூடும் என்பதை 2015இல் தேசம் கண்டது. குவைத்துக்குச் செல்லும் நர்ஸ்களிடம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்குப் பத்தொன்பதரை லட்சம் வாங்கியதாகக் கொச்சியில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில், வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்குச் செல்லும் நர்ஸ்கள் குடிபெயர்வு அனுமதி பெற்றே செல்லவேண்டும் என்றும், அரசு நிறுவனங்கள் வழியாகவே ஆள் எடுக்கப்பட வேண்டும் என்றும் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆயினும் அதற்கு முன்பே தேர்வாகியிருந்தவர்களுக்கு அதுவே மற்றொரு காத்திருப்பாயிற்று.

தமிழ்நாட்டுச் சர்க்காருக்கு 1978 முதல் ‘அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்’ ஒன்று இருக்கிறது. சென்னையில் இருக்கிறது. நம் ஊருக்கும் சென்னைக்கும் நடுவே ஓர் இரவுப் பிரயாணம். 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை தாலுகா திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து தமிழ் மாநிலத்தோடு சேர்ந்தபோது நாம் மகிழ்ந்தது மெய். இன்றும் நம் பிள்ளைகள் விமானம் ஏறுவது பக்கத்துத் திருவனந்தபுரத்தில். அரசு உதவி கேட்க வேண்டுமானால் தூரத்துச் சென்னை. ஏஜெண்டுகளோ தெருமுனைக்கே வருகிறார்கள்! இதுதான் அவர்களுடைய பலம்.

மேலும் ஒரு குறை. கட்டணத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. தேர்வானவனை எத்தனை நாள் காக்க வைக்கலாம், அந்த நாட்களின் நஷ்டம் யாருடையது என்பதற்கு அத்தகைய தெளிவான வரம்பு இல்லை. தேர்வான நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் விசா வராவிடில், வாங்கிய பணத்தை வட்டியுடன் திருப்பித் தருவது ஏஜெண்டின் கடமை என்று விதி வரவேண்டும். தொழிலாளருக்காகவே வாழ்ந்த ஜீவானந்தம் 1907இல் பிறந்த ஊரிலிருந்து இந்தக் கோரிக்கை எழுவது பொருத்தமே.

அதுவரையில்

விதி வரும்வரை வீட்டில் செய்யத்தக்கவை சில உண்டு. ஆபர் லெட்டர் வேறு, வேலை ஒப்பந்தம் வேறு, விசா வேறு என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். முதலாவது ஆசை; இரண்டாவது வாக்கு; மூன்றாவதுதான் வழி. விசா கைக்கு வந்து, அது மெய்யானது என்று தெரியும்வரை, இருக்கிற வேலையை விடலாகாது. ஏஜெண்டின் உரிமத்தை மத்திய சர்க்காரின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. கடவுச்சீட்டு இந்திய சர்க்காரின் உடைமை. அதைப் பிணையாகப் பிடித்துவைக்க எந்த ஏஜெண்டுக்கும் உரிமை கிடையாது. முறைகேடு நேர்ந்தால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் செய்யலாம். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் அத்தகைய அலுவலகம் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது, காத்திருப்புக்கு நாமே ஒரு தேதி குறிப்பது. “இந்தத் தேதி வரையில் பார்ப்போம், அதன் பிறகு வேறு வழி” என்று வீட்டார் கூடி முடிவு செய்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் அந்தப் பிள்ளைகளைக் கண்டதும், “இன்னும் போகலையா?” என்று கேட்கிறோம். கெட்ட எண்ணமில்லைதான். ஆனால் அந்தக் கேள்விக்கு அஞ்சியே எத்தனையோ பேர் பகலில் தெருவுக்கு வருவதில்லை. உள்ளூரில் கிடைக்கும் வேலைக்குப் போனால், ‘வெளிநாடு தவறிப்போய்விட்டது’ என்று ஊர் பேசுமே என்ற அச்சமும் அவர்களை வீட்டுக்குள் கட்டிப்போடுகிறது. ஏஜெண்டு கட்டிய கட்டு பாதி. நாம் கட்டியது பாதி.

நாம் சொன்ன பெண்ணிடம் அன்று, “மக்களே, கடுதாசி வரும்போது வரட்டும், நீ திங்கட்கிழமை வேலைக்குப் போ” என்றோம். பழைய சம்பளத்தைவிட இரண்டாயிரம் குறைவாக, வேறோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ‘இந்தத் தேதிக்குள் விசா, இல்லையேல் பணம்’ என்று ஏஜெண்டுக்குப் பதிவுத் தபாலில் எழுதினாள். பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. மீதிக்குப் புகார் கொடுத்திருக்கிறாள். வெளிநாட்டு ஆசையை அவள் விடவில்லை, விடவும் வேண்டாம். இரவுப் பணி முடிந்து காலை பஸ்ஸில் பூதப்பாண்டிக்குத் திரும்பும்போது, அவளுக்கு நல்ல தூக்கம் வருகிறதாம். எட்டு மாதமாக அது வந்ததில்லை என்று தாயார் சொன்னார்.