இடுப்பளவு நீரில் ஒரு பாடம்

காற்றோடு செல்வது எளிது. காற்று வரும் திசையிலுள்ள கரைக்கு மீள்வதே கலை. பாய் விரித்துக் கடலோடிய நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். புறநானூற்றின் 66ஆம் பாட்டிலே வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர், காற்றை ஏவல்கொண்டு கடலிலே நாவாய் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று கரிகாலனை விளிக்கின்றார். ஈழத்துத் தமிழ் மீனவர் சோழகம், வாடை, கொண்டல், கச்சான் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டு வழங்குவதும் இவ்வறிவின் தொடர்ச்சியே.

அத்திறன் நம் காலத்தில் ஒரு பலகையும் ஒரு பாயுமாய்ச் சுருங்கி, இளைஞரின் விளையாட்டாக மலர்ந்துள்ளது. ‘விண்ட்சேர்ஃபிங்’ என்பர், பாய்ப்பலகை ஓட்டம் என நாம் வழங்கலாம். அமெரிக்காவில் ஹொயில் சுவைற்சர், ஜிம் டிரேக் என்னும் இருவர் 1968இல் இதற்குக் காப்புரிமை கோரினர். 1984இல் ஆடவர்க்கும் 1992இல் மகளிர்க்கும் ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது. ஆயினும் ஆசிரியராகிய நம் கருத்தைக் கவர்வது வேறொரு செய்தி. இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவருகே, 1958இல் பீற்றர் சில்வர்ஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தானே செய்த பலகையொன்றில் பாய் கட்டி ஓட்டியிருந்தான். பின்னர் எழுந்த வழக்கொன்றில் அச்சிறுவனின் விளையாட்டே சான்றாகக் காட்டப்பட்டது. ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நாட்டிலிருந்த காப்புரிமை செல்லாதெனத் தீர்த்தது. ஒரு பிள்ளையின் நீர்விளையாட்டு நீதிமன்றத்தில் எடைபெற்றது!

இப்பலகைக்குச் சுக்கான் இல்லை. பாய்மரம் எப்பக்கமும் சாயத்தக்க மூட்டினால் பலகையோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஓட்டுபவன் பாயின் குறுக்குக் கழியைப் பற்றி நின்று, பாயைப் பின்னோக்கிச் சாய்த்தால் பலகையின் முனை காற்று வரும் பக்கம் திரும்பும். முன்னோக்கிச் சாய்த்தால் காற்றை விட்டு விலகும். காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாயும் ஓடாது. ஆகவே காற்று வரும் திசையிலுள்ள இடத்தை அடைய விரும்புவோன் வலமும் இடமுமாக மாறி மாறிச் சாய்வாக ஏறிச் செல்லல் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு திருப்பம் உண்டு. திரும்பத் தெரியாதவன் காற்று கொண்டுபோய் விட்ட இடத்திலேயே நிற்பான். திருப்பம் இவ்வோட்டத்தின் அணியன்று. வீடு திரும்பும் வழி அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் மேல்வகுப்பு மாணவர் சிலருடன் கண்டியிலிருந்து குருணாகல், புத்தளம் வழியாகக் கற்பிட்டிக்குச் சென்றிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்குள்ள களப்பு இவ்விளையாட்டுக்கு ஏற்ற இடம். அங்கே பயிற்றுநர் ஒருவர் ஓர் இளைஞனை இடுப்பளவு நீருக்கு அப்பாற் செல்ல விடாமல், திருப்பத்தை மட்டுமே பழக்கிக்கொண்டிருந்தார். சில பாக தூரம் ஓடு, திரும்பு, மீண்டும் ஓடு, மீண்டும் திரும்பு: பாடம் அவ்வளவே. பாயைப் பின்னே சாய்த்தல், முனை காற்றை நோக்கியதும் பாய்மரத்தைப் பற்றுதல், சிற்றடி வைத்து மரத்தின் முன்புறமாகச் சுற்றி மறுபக்கம் சேர்தல், அப்பக்கத்துக் கழியைப் பற்றிப் பாயை முன்னே சாய்த்தல். இந்நான்கும் இடையறாது ஒன்றாய் நிகழ வேண்டும். இடையில் ஐயுற்று நின்றால் வீழ்ச்சிதான்.

“ஏன் ஐயா, நேரே ஓடும்போது விழாதவன் திரும்பும்போது மட்டும் விழுகிறான்?” என்று மாணவன் ஒருவன் என்னை வினவினான். அவ்விளைஞனின் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். அவன் தன் காலையே நோக்கிக்கொண்டிருந்தான். பயிற்றுநரும் அதையே சுட்டி, போகவேண்டிய திசையைப் பார்க்குமாறு திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆழமற்ற நீரின் அருமை அங்கேதான் புலனாயிற்று. ஆழத்தில் விழுந்தால், பலகைமீது ஏறி, நீர் சுமந்த பாயை இழுத்தெடுப்பதற்குள் உடல் சோரும். காற்றும் தொலைவுக்குத் தள்ளிவிடும். இடுப்பளவு நீரிலோ எழுந்து நிற்கலாம். பலகையைப் பிடித்துக்கொண்டு தொடங்கிய இடத்துக்கு நடந்தே வரலாம். வீழ்ச்சியின் விலை குறையவே முயற்சியின் எண்ணிக்கை பெருகுகின்றது.

எனினும் ஆழமின்மை காவலின்மைக்கு உரிமம் ஆகாது. தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்தெலும்பு முறியும். ஆகையால் உடல் பரவத் தட்டையாக விழவும், எழும்போது தலைக்குமேல் கையை வைத்துக்கொள்ளவும் கற்பிக்கின்றனர். சிப்பியும் கல்லும் காலைக் கிழிக்காதிருக்கக் காலணி வேண்டும். பலகையின் அடியிலுள்ள மீன்துடுப்புப் போன்ற அலகு தரையில் முட்டாத அளவுக்கேனும் நீர் இருத்தல் வேண்டும். கரையிலிருந்து வெளிநோக்கி வீசும் காற்றில் புதியவர் இறங்கலாகாது. மிதவைச் சட்டை இன்றியமையாதது.

இவையெல்லாம் மலைநாட்டாராகிய நமக்கு எதற்கென்று சிலர் கேட்கலாம். மகாவலி கண்டி மாநகரை மூன்று புறமும் சூழ்ந்தோடுகின்றது. நடுவே வாவி கிடக்கின்றது. ஆயினும் நீர்ப்பக்கம் போகாதே என்னும் ஒரே பாடத்துடன் வளர்ந்து, நீச்சல் அறியாமலே பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் காண்கின்றேன். தடையை மீறி நண்பரோடு ஆற்றில் இறங்கும் நாளில் அவர்களிடம் எந்த அறிவும் இருப்பதில்லை. களப்பின் தேங்கிய நீரும் ஆற்றின் ஓடும் நீரும் ஒன்றல்ல. முழங்காலளவு வெள்ளமும் விரைந்தோடினால் ஆளை வீழ்த்தும். அடுத்த அடியிலே மடு இருக்கலாம். எனவே மகாவலி பயிற்சிக்களம் அன்று. மலைகளிடையே சுழன்று வரும் காற்றுக்குட்பட்ட வாவியும் பாய்க்கு உகந்ததன்று.

ஆனால் கால்மாற்றும் முறையைத் தரையிலேயே பழகலாம். கற்பிட்டியிலிருந்து மீண்ட மாணவர் எங்கள் பள்ளித் திடலிலே சுண்ணக்கட்டியாற் பலகையின் வடிவை வரைந்து, ஒருவன் மூங்கிற்கழியை நிறுத்திப் பிடிக்க, மற்றவன் அதைச் சுற்றிக் காலும் கையும் மாற்றிப் பழகினர். நீச்சற்குளத்தில் முறையாக நீந்தக் கற்றல் அதனோடு சேரவேண்டும். அதன்பின் விடுமுறையொன்றில் தக்க பயிற்றுநரிடம் கற்பிட்டிக்கோ பெந்தோட்டைக்கோ அழைத்துச் செல்லலாம்.

ஆசிரியர்களே, நம் வகுப்பறைகளிலும் பிள்ளை திரும்பத் தெரியாமல் தடுமாறும் இடங்கள் உள. அங்கே அவனுக்கு வேண்டியது ஏளனமும் அன்று, ஆழத்திற்குத் தள்ளிவிடுதலும் அன்று. விழுந்தால் எழுந்து நிற்கத்தக்க இடத்தில், அருகே ஒருவர் நிற்க, அவ்வொன்றையே பன்முறை செய்து பார்க்கும் வாய்ப்பு வேண்டும். அதனை அளித்தல் நம் கடன்.