திரைத் திருப்பமும் காட்சிப்பரப்பு அளவுப் பிழையும்

நகர்பேசி உலாவியில் இணையப் பக்கம் வரையப்படும் செவ்வகப் பகுதி காட்சிப்பரப்பு அல்லது வியூபோர்ட் எனப்படும். கருவியைத் திருப்பும்போது இதன் அகலமும் உயரமும் இடம் மாறுகின்றன. 360 × 800 பிக்சல் கொண்ட திரை, கிடைநிலையில் 800 × 360 ஆகிறது. திருப்பிய பின்னரும் பக்கத்தின் நிரலுக்குப் பழைய அளவே கிடைப்பது காட்சிப்பரப்பு அளவுப் பிழை ஆகும்.

எடுத்துக்காட்டு

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கூடும் கடற்பகுதிகளைச் செயற்கைக்கோள் தரவு கொண்டு கணித்து மீனவர்களுக்கு அறிவிக்கிறது. திசை, தொலைவு, ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை முதலிய பல நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை அது. கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம் போன்ற மீன்பிடி ஊரில் ஒருவர் இத்தகைய அட்டவணையை முழுதாகக் காண நகர்பேசியைக் கிடையாகத் திருப்புவதாகக் கொள்வோம். பக்கம் பழைய 360 பிக்சல் அகலத்திலேயே வரையப்பட்டால் கடைசி நெடுவரிசைகள் வெட்டுப்படும். படகின் ஜிபிஎஸ் கருவியில் இட வேண்டிய எண்கள் அவற்றிலேயே உள்ளன.

காரணம்

திரை திரும்பியதை அறிவிப்பது ஒரு வேலை. பக்கத்தைப் புதிய அளவில் அடுக்குவது மற்றொரு வேலை. ‘ஓரியண்டேஷன்சேஞ்ச்’ என்னும் நிகழ்வு பல உலாவிகளில் இரண்டாவது வேலை முடியும் முன்பே எழுகிறது. அந்த நொடியில் அகலத்தைக் கேட்கும் நிரல் பழைய எண்ணைப் பெறுகிறது. கருவிகளுக்கிடையே வேறுபாடும் உண்டு: ஆண்ட்ராய்டில் திரையின் அகலமாகத் தரப்படும் எண் திருப்பத்துடன் மாறும், ஐபோனில் அது நிலைக்குத்து அளவிலேயே நிற்கும்.

தீர்வுகள்

அரை நொடி காத்திருந்து அளப்பது பழைய வழக்கம். இது வெறும் ஊகமே. மெதுவான கருவியில் அரை நொடி போதாது. அளவு உண்மையில் மாறிய பின் எழும் ‘ரீசைஸ்’ நிகழ்வில் அளப்பது மேலானது. ஆயினும் சில உலாவிகளில் விசைப்பலகை திறந்தாலும் இந்நிகழ்வு எழும். அப்போது உயரம் அகலத்தினும் குறைந்து, திரை கிடைநிலையில் இருப்பதாக நிரல் தவறாக எண்ணக்கூடும். இயன்றவரை அளப்பதையே தவிர்த்து, அடுக்குமுறையை சிஎஸ்எஸ் விதிகளிடம் விடுவதே சிறந்தது.

2012-இல் ஐஓஎஸ் 6 வரும்வரை, ஐபோனைக் கிடையாகத் திருப்பினால் பக்கம் பெரிதாகி ஓரம் மறையும் வழு இருந்தது. பலர் உருப்பெருக்கத்தையே தடைசெய்து இதைச் சமாளித்தனர். பார்வை குறைந்தோருக்கு இந்த மருந்து நோயினும் கொடியதாயிற்று. 2016-இல் வெளியான ஐஓஎஸ் 10 முதல் சஃபாரி அத்தடையைப் பொருட்படுத்துவதில்லை.

முகவரிப் பட்டை தோன்றி மறைவதால் உயரம் மாறும் சிக்கலுக்கென ‘டிவிஎச்’ என்னும் அலகு 2022-இல் சஃபாரி, ஃபயர்பாக்ஸ், குரோம் ஆகிய மூன்றிலும் இடம்பெற்றது.