காடிலாக் கார்களின் பெயர் வரிசை

டெட்ராய்ட் நகரில் 1902-ஆம் ஆண்டு தோன்றிய காடிலாக் ஸ்தாபனம், அந்நகரை 1701-இல் நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரைத் தான் சூடிக்கொண்டதாயினும், தன் கார்களுக்கு அலங்கார நாமங்களை இடுவதற்கு நெடுங்காலம் கடந்தது. அக்காலத்து உயர்தரக் கார்களின் பெயர்கள் பெரும்பாலும் வண்டியின் லக்ஷணத்தையே கூறின. 1930-இல் வெளிவந்த காடிலாக் வி-16 என்றால் பதினாறு சிலிண்டர். 1935-இல் பாக்கார்டு ஸ்தாபனத்தார் விற்ற ஒன்-ட்வென்டி என்றால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 120 அங்குலம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இவ்வழக்கம் மாறியது. 1949-இல் காடிலாக்கின் 62-ஆம் வரிசையில் கூப் டி வில் என்னும் கார் வந்தது. ஆதியில் அப்பெயர், எஜமானர்கள் மூடிய அறையில் சுகமாக வீற்றிருக்க, ஓட்டுபவன் மட்டும் கூரையின்றி வெயிலிலும் மழையிலும் முன்னே அமரும் வண்டிக்கு உரியது. புதிய காரிலோ எல்லோருடைய தலைக்கு மேலும் ஒரே எஃகுக் கூரை. பக்கக் கண்ணாடிகளை இறக்கிவிட்டால் நடுவில் தூண் ஏதுமின்றிக் காற்றோட்டமாக இருப்பதே அதன் சிறப்பு. பழைய உருவம் மறைந்து, அதன் கௌரவம் மட்டும் பெயரில் எஞ்சியது.

அக்கௌரவம் படிப்படியாக வளர்ந்தது. 1956-இல் நான்கு கதவுள்ள செடான் டி வில் பிறந்தது. 1959-இல் டி வில் தனி வரிசையாயிற்று. 1965-இல் 62 என்ற எண்ணே நீங்கி, அவ்விடத்தில் காலே என்னும் பெயர் டி வில்லுக்குக் கீழ்ப்படியாக அமைந்தது. மேற்படியில் நின்ற ஃப்ளீட்வுட், பென்சில்வேனியாவில் அதே பெயருடைய ஊரில் வண்டிக்கூடு கட்டிய கைதேர்ந்த தொழிலாளரின் நற்பெயர். 1953-இல் 7,750 டாலர் விலையில் 532 மட்டுமே செய்யப்பட்ட எல்டொராடோவோ, அபூர்வம் என்பதையே தன் தகுதியாகக் கொண்டது.

இப்படிகளுக்கு அடியில் மெய்யான வேற்றுமை இருந்தவரை பெயர்களுக்கு மதிப்பிருந்தது. 1976-இல் டி வில்லின் அச்சிடைத் தூரம் 130 அங்குலம். ஃப்ளீட்வுட் ப்ரோமுக்கு 133. பின்னிருக்கையில் கால் நீட்டி அமர்பவர் அவ்வேற்றுமையை உடலாலேயே உணர்ந்தார். மறு ஆண்டு இவ்விரு கார்களும் சுருக்கப்பட்டபோது, இரண்டுக்கும் 121.5 அங்குலமே ஆயிற்று. உயர்வைக் காட்டும் பொறுப்பு பெரும்பாலும் கூரையின் வடிவையும் உள்ளலங்காரத்தையும் சார்ந்தது. எல்டொராடோ 2002-இல் முடிவுற்றது. 2006-இல் டி வில்லுக்குப் பதிலாக டி.டி.எஸ். என்ற மூன்று எழுத்துக்கள் வந்தன.

ஆகவே, பழைய காடிலாக் ஒன்றைக் காணும் அன்பர்கள் அதன் பெயரோடு ஆண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும். வண்டிக்கூடு கட்டியவரின் உழைப்பிலும் அங்குலக் கணக்கிலும் ஈட்டப்பட்ட மதிப்பையே பின்வந்த பெயர்ப்பலகைகள் செலவிட்டன. எந்த ஆண்டில் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பதை அந்தந்தக் காரின் உடலே சொல்லும்.