கரைக்கும் கப்பலுக்கும் இடையே

கப்பற் பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன நீலக் கடலும், அதன்மேல் மிதந்து செல்லும் பெருங் கலமும், மேல்தளத்தில் நின்று அடிவானத்தை நோக்கும் பயணியுமே. அப்பயணியின் பெட்டி அப்போது எங்கே இருக்கிறது என்று நாம் எண்ணுவதில்லை. கப்பல் ஏறுமுன் அவர் எத்தனை மணி நேரம் எங்கே காத்திருந்தார், இறங்கிய பின் ஊர் செல்லும் வண்டி வரும்வரை என்ன செய்தார் என்றும் கேட்பதில்லை. ஆயினும், பயணம் இனியதாவதும் இன்னாததாவதும் பெரும்பாலும் இவ்விரண்டு இடைவெளிகளிலேதான். நடுக்கடலில் நம்மைக் காப்பது மாலுமிகளின் கடமை. கரைக்கும் கப்பலுக்கும் இடையே நம்மைக் காத்துக்கொள்வது நம் கடமை. அக்கடமையை ஆற்றும் வகை யாது என்பதே இன்று மாணவ மாணவியராகிய உங்களுக்கு நான் சொல்ல விழைவது.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் வாழும் ஒருவனுக்குக் கடலைப்பற்றிப் பேச என்ன தகுதி உண்டு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்யப்படும் பட்டு கடல் கடந்து செல்வது. பட்டோடு எங்கள் மனிதர்களும் சென்றார்கள். என் தாய்மாமன் ஒருவர் பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்து வந்தார். 1979ஆம் ஆண்டு என் தமக்கையின் திருமணத்திற்காக அவர் ‘சிதம்பரம்’ என்னும் கப்பலில் சென்னைக்கு வந்தார். மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம். அவரை அழைத்துவரச் சென்ற நான் துறைமுக வாயிலில் நின்றேன். பிற்பகலுக்குள் பயணிகள் ஒருவர்பின் ஒருவராக வெளியே வந்தனர். மாமாவைக் காணவில்லை. விளக்கேற்றும் நேரமாயிற்று; இருளும் சூழ்ந்தது. இரவு ஒன்பது மணிக்குமேல், இரண்டு தகரப் பெட்டிகளுடன் தளர்ந்த நடையில் அவர் வந்தார். நடந்தது இதுதான்: சுங்க அதிகாரி ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அதன் சாவியை மாமா தம் கோட்டுப் பையில் வைத்திருந்தார். அந்தக் கோட்டு மற்றொரு பெட்டிக்குள் இருந்தது. அப்பெட்டியோ கப்பலின் அடியறையில், எல்லாப் பெட்டிகளுக்கும் கீழே கிடந்தது. அது வெளிவரும்வரை அவர் அங்கேயே அமர்ந்திருக்க நேர்ந்தது. நாங்கள் பாரிமுனையை அடைந்தபோது காஞ்சிபுரத்துக்குச் செல்லும் கடைசிப் பேருந்து போய்விட்டது. விடிந்து முதல் வண்டியில் ஏறி நாங்கள் வீடு சேர்ந்தபோது தாலிகட்டு முடிந்துவிட்டிருந்தது. “மருமகனே, இத்தனை நாள் கடல் என்னைத் தடுக்கவில்லை, ஒரு சாவி தடுத்துவிட்டது” என்று மாமா சொன்ன சொல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

இதில் கப்பலின் குற்றம் எதுவும் இல்லை. பெட்டிகள் கப்பலில் எவ்வாறு அடுக்கப்படுகின்றன என்பதை அறிந்தால் இது விளங்கும். சரக்கு அறைக்குச் செல்லும் பெட்டிகள், பயணிகள் ஏறுமுன்னரே பெரும்பாலும் ஏற்றப்பட்டுவிடும். முதலில் இறங்கியது அடியில் கிடக்கும். அடியில் கிடப்பது கடைசியில் வெளிவரும். நடுவழியில் ஒரு பெட்டியைத் தேடி எடுப்பது இயலாது. ஆகவேதான் பழைய நீராவிக் கப்பல் நிறுவனங்கள் பயணிகளுக்கு மூவகைச் சீட்டுகளைக் கொடுத்துவந்தன. ‘அறைக்கு உரியது’, ‘பயணத்தில் வேண்டுவது’, ‘பயணத்தில் வேண்டாதது’ என்பன அவை. அறைக்கு உரியது பயணியுடனே செல்லும். பயணத்தில் வேண்டுவது, இடையிடையே சென்று எடுக்கத்தக்க தனியறையில் வைக்கப்படும். வேண்டாதது அடியறைக்குப் போகும். மூன்று சிறு காகிதத் துண்டுகளே எனினும் அவை பயணியைச் சிந்திக்கத் தூண்டின. எது இன்றி நான் வாழ முடியும், எத்தனை நாள் வாழ முடியும் என்று ஒவ்வொரு பொருளைக் குறித்தும் அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இக்கேள்வியைக் கேளாமையால் இடர்ப்பட்டவர்களில் மகாத்மா காந்தியடிகளும் ஒருவர். அவர் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், பதினெட்டு வயது மாணவராகப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கப்பலில் கறுப்பு உடை அணிந்திருந்த அவர், கரையிறங்கும்போது அணிவதற்கென்று வெள்ளைக் கம்பளி உடை ஒன்றைக் காத்து வைத்திருந்தார். செப்டம்பர் மாதக் கடைசியில் இறங்கியபோது, வெள்ளை உடை உடுத்தியவர் தாம் ஒருவரே என்பதைக் கண்டு நாணினார். மாற்றுடை எடுத்து உடுத்தலாம் என்றாலோ, மற்றவர்கள் செய்ததைப் பார்த்துத் தாமும் தம் பெட்டிகள் அனைத்தையும் சாவிகளோடு ஒரு முகவரிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாதலால் பெட்டிகள் கிடைக்கமாட்டா என்று விடுதியில் அறிந்தபோது அவருக்கு உண்டான எரிச்சலைத் தம் சத்திய சோதனையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எனினும் ஒன்றில் அவர் முன்யோசனையுடன் இருந்தார். நால்வருக்கு அறிமுகக் கடிதங்கள் பெற்றுச் சென்றிருந்தார். அவர்களுள் ஒருவரான டாக்டர் மேத்தாவுக்கு இறங்கிய இடத்திலிருந்தே தந்தி கொடுத்தார். அன்று இரவு எட்டு மணியளவில் டாக்டர் மேத்தா விடுதிக்கே வந்து அவரைக் கண்டார். பெட்டி கைவிட்ட இடத்தில் ஒரு முகவரி கைகொடுத்தது.

இனி, சிறுவயதில் நம் காஞ்சிபுரத்திலும் சில காலம் பள்ளியில் பயின்ற ஒருவரைப் பார்ப்போம். கணிதமேதை சீனிவாச இராமானுசன் 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டனை அடைந்தார். கப்பல் துறைக்கே வந்து அவரை எதிர்கொண்டவர் பேராசிரியர் நெவில். இராமானுசன் உடனே கேம்பிரிட்ஜுக்குச் செல்லவில்லை. இந்திய மாணவர்கள் வந்து தங்குவதற்கென இலண்டன் கிராம்வெல் சாலையில் இருந்த இல்லத்தில் சில நாட்கள் தங்கி, அதன் பின்னரே சென்றார். ஏறத்தாழ ஒரு மாதம் கடலில் இருந்தவர் புதிய நாட்டின் குளிருக்கும் ஓசைக்கும் பழகுவதற்கு அவ்விடைநாட்கள் உதவியிருக்கும். காத்திருக்கும் காலத்திற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

பெயர் பெற்றவர்களை விட்டுப் பெயரறியாத பல்லாயிரவரை நினைப்போம். 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்து ஓடியது. அதில் சென்ற தமிழருள் பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். அவர்களுக்குத் தனியறை கிடையாது. பாய் விரித்த இடமே அவர்கள் வீடு. தலைமாட்டில் வைத்த தகரப் பெட்டியே அவர்கள் உடைமை. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை அணுகும் ஆழம் இல்லாமையால், அது கடலில் எட்டி நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் பெட்டிகளும் படகேறிச் சென்று கப்பலை அடைய வேண்டும். அலை மிகுந்த நாட்களில் அமைதிக்காகக் காத்திருத்தலும் நேர்ந்தது. அவிழ்ந்த கட்டும் பூட்டில்லாத பெட்டியும் படகில் ஏறினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே கயிறு கட்டுவதும், பெட்டியின்மேல் பெயரையும் ஊரையும் வண்ணத்தால் எழுதுவதும் அவர்களுக்குக் கைவந்த பழக்கங்களாயின.

காத்திருப்பு எல்லோர்க்கும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை என்பதையும் நீங்கள் அறிதல் வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகப் பல நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டனர். அது அவர்கள் விரும்பித் தேர்ந்த காத்திருப்பு அன்று. மாறாக, வணிகத்திற்காகச் சென்ற நகரத்தார், சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ‘கிட்டங்கி’ என்னும் பொதுக் கட்டடங்களை அமைத்துக்கொண்டனர். புதிதாக வந்திறங்கிய ஒருவருக்கு அங்கே பாய் விரிக்க இடமும் பெட்டி வைக்க ஒரு மூலையும் கிடைத்தன. கடல் கடந்து வந்தவனுக்கு முதல் தேவை பொருளன்று, பெட்டியை இறக்கிவைக்க நம்பிக்கையான ஓரிடமே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அக்காலம் மாறிவிட்டது. ‘சிதம்பரம்’ கப்பலில் 1985ஆம் ஆண்டு நேர்ந்த தீவிபத்தோடு அவ்வழிப் பயணிகள் போக்குவரத்து முடிவுற்றது. ஆயினும் கடல்வழி அறவே அடைபட்டுவிடவில்லை. 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேருக்குச் சென்னையிலிருந்து கப்பல்கள் செல்கின்றன; பயணம் இரண்டரை முதல் மூன்று நாள் ஆகும். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023ஆம் ஆண்டு அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. உங்களுள் பலர் கல்விச் சுற்றுலாவாகவோ வேலையின் பொருட்டோ இத்தகைய கப்பல்களில் ஏறக்கூடும். அப்போது பயன்படத்தக்க சில நெறிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, உடைமைகளை இரண்டாகப் பிரியுங்கள்: பிரியக்கூடியவை, பிரியக்கூடாதவை. கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை, பயணச் சீட்டு, பணம், மருந்து, மூக்குக் கண்ணாடி, சான்றிதழ்கள், கைப்பேசியும் அதன் மின்னேற்றியும், எல்லாப் பெட்டிகளின் சாவிகள், ஒருநாள் மாற்றுடை ஆகியவை ஒரு சிறு கைப்பையில் இருத்தல் வேண்டும். அப்பை உங்கள் தோளை விட்டு இறங்கலாகாது. உல்லாசக் கப்பல்களில் பெட்டிகளை வாயிலிலேயே வாங்கிச் சீட்டொட்டிக் கொண்டுபோய்விடுவர். அவை உங்கள் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அவ்வாறே இறங்கும் நாளுக்கு முந்திய இரவில் பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வர். மறுநாள் காலையில் உடுத்த வேண்டிய உடையையும் செருப்பையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இரவு உடையோடு கரையிறங்கியவர்களும் உண்டு!

இரண்டாவது, எத்தனை உருப்படிகள் என்பதை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஏறும்போது எண்ணிய எண் இறங்கும்போதும் வர வேண்டும். பெட்டியின் வெளியே மட்டுமன்றி உள்ளேயும் பெயரும் முகவரியும் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும். வெளிச்சீட்டு கிழிந்தாலும் உட்சீட்டு பேசும். எடை வரம்பு கப்பலுக்குக் கப்பல் வேறுபடுவதால் அதனை முன்னரே கேட்டறிக. பட்டுச் சேலை கொண்டுசெல்வோர் அதனை மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். சரிகை வெள்ளி இழையால் ஆனது. கடலோர ஈரம் படின் அது கறுக்கும்.

மூன்றாவது, நேரத்தைக் கயிறுபோல் இறுக்கிக் கட்டாதீர்கள். கப்பல் புறப்படுவது கடலின் நிலையையும், துறைமுக வழிகாட்டியின் வரவையும், சோதனைகள் முடிவதையும் பொறுத்தது. நூற்றுக்கணக்கானவர்களின் பைகளைச் சோதிக்கவும், அயல்நாடாயின் குடியேற்ற அதிகாரிகள் முத்திரையிடவும் மணிக்கணக்காகும். ஆகவே முதல்நாளே துறைமுக நகரை அடைந்து தங்குவது நன்று. இறங்கும் நாளில் உடனே ஏற வேண்டிய இரயிலுக்குச் சீட்டு எடுப்பது நன்றன்று. அந்தமானிலிருந்து திரும்பும் மாணவன் கப்பல் வரும் நாளன்றே நேர்முகத் தேர்வுக்கு நாள் குறித்தால், அவன் தன் எதிர்காலத்தை வானிலையின் கையில் ஒப்படைக்கிறான்.

நான்காவது, இடைப்பொழுதில் பெட்டியைச் சுமந்து திரியாதீர்கள். பெரிய இரயில் நிலையங்களில் பொருட் காப்பகம் உண்டு. அங்கே பயணச் சீட்டைக் காட்ட வேண்டும். பூட்டிய பெட்டிகளையே ஏற்பர். பூட்டின் பயன் இங்கேயும் தெரிகிறதன்றோ? சென்னைத் துறைமுகத்தின் எதிரிலேயே கடற்கரை இரயில் நிலையம் இருப்பதும், அங்கிருந்து செங்கற்பட்டு வழியாகக் காஞ்சிபுரத்துக்கு இரயில் செல்வதும் எங்கள் பக்கத்து மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை. பெட்டியைக் காப்பில் வைத்துவிட்டால், வெறும் காத்திருப்பு காட்சிக்குரிய பொழுதாக மாறும். சென்னையில் அருங்காட்சியகமும், நாகையில் நாகூர் தர்காவும் பார்க்கத்தக்கன. கையில் ஒரு புத்தகமும் குறிப்பேடும் இருந்தால் துறைமுகமே ஒரு பள்ளிக்கூடமாகும். பாரந்தூக்கி எவ்வாறு சுழல்கிறது, பெருங் கப்பலைச் சிறு இழுவைப் படகு எவ்வாறு திருப்புகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

எங்கள் ஊர்ப்புறத்தில் நெசவாளர் தறியில் அமர்வதற்கு முன்னே நாட்கணக்காக நூலைச் சாயமேற்றி, உலர்த்தி, பாவோடி, இழை பிணைக்கிறார். நெய்து முடித்த பின்னும் மடித்து, எண்ணி, பத்திரமாகக் கட்டுகிறார். ஓடம் ஓடும் ஓசை மட்டுமே நெசவு என்று அவர் எண்ணுவதில்லை. அவ்வாறே கப்பல் ஓடும் நேரம் மட்டுமே பயணம் அன்று. பெட்டி கட்டும் இரவும், வாயிலில் நிற்கும் பகலும், வீடு திரும்பும் வண்டிக்காக அமரும் மாலையும் பயணமே. என் மாமா அதன்பின் பலமுறை கடல் கடந்தார். பின்னாளில் அவருடைய சாவிக்கொத்து எப்போதும் அவர் அரைஞாணில் தொங்கியது. ஆயினும் தமக்கை மகளின் தாலிகட்டைக் காணாத குறை அவருக்கு இறுதிவரை தீரவில்லை. அக்குறை உங்களுள் ஒருவருக்கும் நேராதிருக்குமாயின், இப்பேச்சு பயன்பட்டது என்று மகிழ்வேன்.