பெயின்ட் மட்டும் சுருங்காது

கையளவு உலகம் – 9

1970களின் நடுவில், ஜப்பானின் ஷிஜுவோகா நகரத்தில் மாடல் கிட் தயாரிக்கும் தாமியா நிறுவனம் ஒரு போர்ஷே 911 காரை விலை கொடுத்து வாங்கியது. வாங்கிய காரைப் பிரித்துப் போட்டார்கள். போர்ஷே 934 டர்போ ஆர்எஸ்ஆர் பந்தயக் காரை 1/12 அளவில் கிட்டாகக் கொண்டுவர வேண்டும் என்பது நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த ஷுன்சாகு தாமியாவின் ஆசை. ஜெர்மனிக்கே போய்ப் படமும் குறிப்பும் எடுத்து வந்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை. சொந்தமாக ஒரு வண்டியை வாங்கிக் கழற்றி, கண்ணால் பார்த்துக் கையால் அளந்தால்தான் ஆயிற்று என்று முடிவு செய்தார். பிரித்ததைத் திரும்பப் பூட்டப் போர்ஷே ஆட்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. 1976-ல் கிட் கடைக்கு வந்தது. அதே வண்டிதான் தாமியாவின் முதல் ரேடியோ கன்ட்ரோல் காராகவும் ஆயிற்று.

முன் வாரங்களில் பார்த்த கப்பல், ரயில் மாடல்களுக்கும் காருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. போர்க்கப்பலைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நம்மில் குறைவு. கார் அப்படியில்லை. தெருவில் தினமும் உரசிக்கொண்டு போகிறோம். கதவில் ஒரு கோடு விழுந்திருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுகிறோம். இப்படிப் பழகிய கண்ணை ஏமாற்றுவது எளிதல்ல. வடிவத்தைத் துல்லியமாக அச்சில் கொடுக்கும் வேலையைக் கம்பெனிக்காரர்கள் முடித்துத் தந்துவிடுகிறார்கள். நிறம் நம் பொறுப்பு. கார் மாடல் ஜெயிப்பதும் தோற்பதும் பெயின்டில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காரணம் எளிய கணக்கு. கார் கிட்களில் அதிகம் புழங்கும் அளவு 1/24. அந்தக் காலத்துப் போர்ஷே 911-ன் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர், 24-ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டர். உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து தாங்கும் அளவு. கதவுக்கும் பாடிக்கும் நடுவே நிஜக் காரில் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், மாடலில் அது மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. இதுவரை எல்லாம் ஒழுங்காகச் சுருங்குகிறது. பெயின்டுக்கு வருவோம். நிஜக் காரின் மேல் எல்லாப் பூச்சும் சேர்ந்து சுமார் 100 மைக்ரான் கனம், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 24-ஆல் வகுத்தால் நான்கு மைக்ரான் சொச்சம். நான்கு மைக்ரான் கனத்தில் பெயின்ட் அடிக்க எந்தக் கையாலும் முடியாது. பிரைமர், கலர், கிளியர் என்று நாம் அடித்து முடிக்கும்போது மாடலின் மேல் நிஜக் காருக்குச் சமமான கனமே ஏறிவிடலாம். கார் 24 மடங்கு சிறுத்துவிட்டது. மேலே பூசியது சிறுக்கவில்லை. கதவு இடைவெளி அடைந்துபோகிறது. பானெட்டின் கூர்மையான மடிப்பு மழுங்குகிறது. பிராண்ட் எழுத்துகள் மொட்டையாகின்றன.

மெட்டாலிக் நிறத்தில் சிக்கல் இன்னும் அதிகம். வெள்ளி நிற மாருதியோ ஹூண்டாயோ வெயிலில் மினுங்குவதற்குக் காரணம், பெயின்டில் கலந்திருக்கும் பொடிப்பொடி அலுமினியச் செதில்கள். ஒரு செதில் 30 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதே பெயின்டை 1/24 மாடலில் அடிக்கும்போது, நிஜக் காரில் முக்கால் மில்லிமீட்டர் ஜிகினாத் தூளை வாரிக் கொட்டியதற்குச் சமம். கார் கம்பெனியின் டச்-அப் பெயின்டையே வாங்கி அடித்தேன், ஆனாலும் பொம்மை மாதிரி இருக்கிறதே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. கலர் நம்பர் சரி. செதில் பெரிது. மாடலுக்கென்றே வரும் மெட்டாலிக் பெயின்டுகளில் செதிலை மிக நைஸாக அரைத்திருப்பார்கள். விலை கூடுதலானாலும் மெட்டாலிக்குக்கு மட்டும் அதைத்தான் வாங்க வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், அமெரிக்காவில் கார் மாடல் தொழில் பெருகியதே நிஜப் பெயின்டில்தான். 1948-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஏஎம்டி என்ற கம்பெனி தொடங்கியது. அவர்களின் முதல் மாடல் வார்ப்பு அலுமினியத்தில் செய்த ஃபோர்டு கார். அதன் மேல் ஃபோர்டு கம்பெனியின் அசல் பெயின்டையே அடித்து, ஃபோர்டு டீலர்கள் வழியாக மட்டும் கொடுத்தார்கள். பிறகு மற்ற கார் கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன. புது மாடல் கார் வரும்போதெல்லாம் அதன் 1/25 அளவு உருவம் அந்தந்த வருஷத்து நிறங்களில் ஷோரூமுக்கு வந்துவிடும். அப்பா கார் பார்க்க வந்தால் பிள்ளையின் கையில் ஒரு குட்டிக் கார். 1950களின் கடைசியில் அதே அச்சுகளிலிருந்து, பெயின்ட் அடிக்காமல், பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்க கிட்கள் இன்றும் பெரும்பாலும் 1/25. ஜப்பான் கிட்கள் 1/24. அலமாரியில் அடுத்தடுத்து வைத்தால் கூர்ந்து பார்க்கிறவருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

ஷிஜுவோகாவின் கதை மரத்தில் தொடங்குகிறது. தச்சர்களுக்கும் அரக்குப் பூச்சுக் கலைஞர்களுக்கும் பேர்போன ஊர் அது. தாமியாவும் 1946-ல் மரம் அறுக்கும் ஆலையாகத்தான் தொடங்கியது. 1951-ல் ஒரு தீவிபத்து கிடங்கையே விழுங்கிவிட்டது. அதன் பின் மர மாடல்களை நம்பிப் பிழைத்தார்கள். அமெரிக்க பிளாஸ்டிக் கிட்கள் வந்து அந்தப் பிழைப்பையும் அடித்தபோது பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1960-ல் வந்த முதல் பிளாஸ்டிக் கிட்டான யமாட்டோ போர்க்கப்பல் போட்டியாளரின் விலைக்குறைப்பில் அடிபட்டுப் போனது. பிறகு வந்த பான்தர் டாங்கிதான் கம்பெனியை நிமிர்த்தியது. 1967-ல் ஹோண்டா ஆர்ஏ273 ஃபார்முலா 1 காரை 1/12 அளவில் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து பந்தயக் காரும் அவர்களின் அடையாளங்களில் ஒன்றாயிற்று. ஹசேகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்று மற்ற பெரிய பெயர்களும் அந்த ஊரும் அதன் சுற்றுவட்டாரமும்தான். மே மாதம் அங்கே நடக்கும் ஹாபி ஷோவுக்கு மாடல் பிரியர்கள் நாடு நாடாக வந்து சேர்கிறார்கள்.

இனி நம் மேஜைக்கு வருவோம். பெட்டியைத் திறந்தால் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் திருகிப் பிய்க்கக் கூடாது. நிப்பர் கொண்டு கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியாலும் எமரியாலும் எடுக்க வேண்டும். பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. அச்சின் இரண்டு பக்கங்கள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கும். முன் மட்கார்டின் மேலேயும் கூரையின் ஓரத்திலும் அது ஓடும். அதைத் தேய்த்து எடுக்காமல் கலர் அடித்தால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்தக் கோடு மேலே வந்து நிற்கும்.

கதவு இடைவெளிகளை ஊசி முனையுள்ள கருவியால் இன்னும் கொஞ்சம் ஆழமாக்கும் வேலையைப் பெயின்டுக்கு முன்பே செய்ய வேண்டும். மேலே சொன்ன கணக்குக்கு மாற்றுவழி இதுதான். பெயின்டை மெல்லியதாக்க ஓரளவுக்குத்தான் முடியும். அது வந்து அடைக்கப்போகும் பள்ளத்தை முன்கூட்டியே ஆழப்படுத்தி வைக்கலாம்.

நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு அடுத்து வரும் வேலை புதிதல்ல. பட்டி பார்ப்பது, தண்ணீர் விட்டு எமரி போடுவது, பிரைமர், கலர், கிளியர், ரப்பிங், பாலிஷ் என்று வரிசை கூட மாறாது. நல்ல பெயின்டர் ஒருவர் எமரி போட்டபின் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். மாடலில் அந்த வேலை விரல்நுனிக்கு வருகிறது. பிரைமரின் நிறத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதை மறைக்காத நிறங்கள். சாம்பல் பிரைமரின் மேல் மஞ்சள் அழுக்காகத் தெரியும். மூடும் வரை அடித்துக்கொண்டே போனால் கனம் ஏறும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு பிரைமர் போட்டால் இரண்டு கை குறைவாக அடித்தாலே நிறம் நிற்கும். நிறப் பொருத்தம் என்று நினைக்கிற இந்த விஷயமும் கடைசியில் கனத்தைக் குறைக்கும் வழிதான்.

ஸ்பிரே டப்பா போதும், ஏர்பிரஷ் கட்டாயமில்லை. டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்தினால் உள்ளே அழுத்தம் கூடி, துளிகள் பொடியாக விழும். கொதிநீரோ அடுப்போ கூடவே கூடாது, டப்பா வெடிக்கும். முதல் கை பனி படிந்ததுபோல லேசாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தெரிகிறதே என்று பதறி இரண்டாவது கையைக் கனமாக அடிப்பதில்தான் பெரும்பாலான கார்கள் கெடுகின்றன. ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் பெயின்டைப் பால் பதத்துக்குத் தின்னர் விட்டுக் கரைத்தால் இன்னும் மெல்லிய கோட் கிடைக்கும்.

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. லேக்கர் பெயின்டின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, பளபளப்பான கறுப்பு பால் கொட்டியது போல வெளுத்துவிடும். மழைக்காலத்தில் லேக்கர் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைக் கலந்து ஏர்பிரஷில் அடிக்க வேண்டும். மற்ற நாட்களில் காலையைவிடப் பிற்பகலில் காற்றின் ஈரம் குறைவாக இருக்கும். ஜப்பான்காரர் எழுதிய செய்முறைத் தாளில் இதெல்லாம் இருக்காது.

கலர் காய்ந்தபின் டீக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) ஒட்டி, அதன் மேல் கிளியர். முதல் கிளியரைக் கனமாக அடித்தால் லேக்கர் டீக்கலைச் சுருட்டிவிடும். நன்றாகக் காய்ந்தபின் 2000-க்கு மேற்பட்ட எமரியில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டால் மெருகேற்றுகிறார்கள். கூர்மையான விளிம்புகளில் கை வைக்கவே கூடாது, அங்கே பெயின்ட் முதலில் போய்விடும். பிறகு கதவு இடைவெளிக்குள் நீர்த்த எனாமல் பெயின்டை ஓடவிட்டு, மேலே வழிந்ததை எனாமல் தின்னரால் துடைக்கலாம். அடியில் இருக்கும் லேக்கருக்கு ஒன்றும் ஆகாது. பலரும் எல்லாக் காருக்கும் கறுப்பையே விடுகிறார்கள். வெள்ளைக் காரில் அது பேனாவால் கோடு போட்டது போல் இருக்கும். வெள்ளைக்குச் சாம்பல், சிவப்புக்கு அடர்ந்த பழுப்பு என்று பாடியின் நிறத்துக்கு நெருங்கிய இருட்டைத் தேட வேண்டும்.

பளபளப்பைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து ஒன்று உண்டு. போட்டிகளிலும் படங்களிலும் கிளியருக்கு மேல் கிளியர் ஏற்றி, கண்ணாடிக்குள் புதைத்தது போன்ற கார்களைப் புகழ்கிறார்கள். உழைப்பு பெரிதுதான். ஆனால், அதைக் கார் என்று கண் நம்புவதில்லை. 1960களின் பந்தயக் கார்களுக்கு அத்தனை மெருகு கிடையவே கிடையாது. அந்த ஹோண்டாவின் தந்த வெள்ளையை மட்டான பளபளப்போடு விட்டுவிடுகிறவரே அந்தக் காரைப் புரிந்துகொண்டவர். எந்த வருஷத்து வண்டி, எங்கே ஓடியது என்று பார்த்து, அதற்கேற்ற பளபளப்பைக் கொடுப்பதுதான் தேர்ச்சி.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜன்னல் கண்ணாடியை சூப்பர் க்ளூவால் ஒட்டினால் ஆவி படிந்து புகைமூட்டமாகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையே போதும். குரோம் பட்டைக்கு மெல்லிய அலுமினிய ஃபாயில் ஒட்டி ஓரம் வெட்டுவது பெயின்டைவிட நிஜமாக இருக்கும். பழைய கிட்களின் மென்மையான வினைல் டயர்கள் வருஷக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். வீல் ரிம்மில் ஒரு கோட் பெயின்ட் அடித்துவிட்டு டயர் மாட்டுவது நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: இன்ஜின் இல்லாத, பாகம் குறைந்த 1/24 கிட் ஒன்றை வாங்குங்கள். மெட்டாலிக் வேண்டாம், ஒற்றை நிறமாக இருக்கட்டும். மிச்சமாகும் நேரத்தையெல்லாம் பாடிக்கே கொடுங்கள். ஸ்பிரே வேலையைக் காற்றோட்டமுள்ள மொட்டைமாடியில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். துணி முகக்கவசம் தின்னர் ஆவியைத் தடுக்காது. பெயின்ட் கடைகளிலும் பாதுகாப்புச் சாதனக் கடைகளிலும் கிடைக்கும், கார்பன் வடிகட்டி பொருத்திய மாஸ்க்கை முதல் கிட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

(தொடரும்)