மங்கிய சக்கரம் மீண்டும் மின்னுமா?

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றைப் பாருங்கள். உடலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். சக்கரங்கள் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் மங்கியிருக்கும். இவை இரும்புத் தகட்டுச் சக்கரங்கள் அல்ல. அலுமினியக் கலவையை அச்சில் ஊற்றி வார்த்தவை. பட்டறையில் 'அலாய் வீல்' என்பார்கள். 1924-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த பந்தயத்திலேயே புகாட்டிக் கார்கள் இத்தகைய சக்கரங்களில் ஓடின. இன்று பெரும்பாலும் நூற்றுக்கு 7 பங்கு சிலிக்கனும் அரைப் பங்குக்கும் குறைவான மக்னீசியமும் சேர்த்து வார்க்கிறார்கள்.

"அலுமினியம் துருப்பிடித்து மங்கிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். இது பாதிதான் சரி. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக் கொள்கிறது. இதன் கனம் சில நானோமீட்டர்களே. (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்.) நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு கனமுள்ள, நிறமற்ற படலம் பளபளப்பை எப்படி மறைக்கும்? இரும்பின் துரு உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்பையும் காட்டிக் கொடுக்கும். இந்தப் படலமோ இறுக ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கிறது.

அப்படியானால் மங்கல் எங்கிருந்து வருகிறது? உணவுப் பொட்டலம் சுற்றும் அலுமினியத் தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளக்கும். மறு பக்கம் மங்கல். இரண்டும் ஒரே உலோகம், ஒரே படலம். கடைசி முறை உருளையில் கொடுக்கும்போது இரண்டு தாள்களைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். உருளையைத் தொட்ட பக்கம் வழவழப்பாகிறது. ஒன்றையொன்று தொட்ட பக்கங்கள் சொரசொரப்பாகின்றன. சொரசொரப்பான பரப்பில் பட்ட ஒளி பல திசைகளில் சிதறுகிறது. அதுவே மங்கல்.

சக்கரத்தில் உலோகத்தின்மேல் நிறமற்ற லாக்கர் பூச்சு ஒன்றும் உண்டு. தெருக்கற்கள் இதைச் சிராய்க்கும். பிரேக்கிலிருந்து சூடாகப் பறக்கும் இரும்புத் துகள்கள் இதில் பதியும். ஒரு கீறல் உலோகம் வரை இறங்கிவிட்டால் உப்பும் ஈரமும் உள்ளே புகும். உப்பிலுள்ள குளோரைடு ஆக்சைடு படலத்தையே துளைத்துவிடும். பிறகு பூச்சின் அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தாற்போல் நூல் நூலாக அரிப்பு பரவும்.

மங்கல் எந்த வகை என்று அறிய ஒரு குவளைத் தண்ணீர் போதும். கழுவிய சக்கரத்தின்மேல் ஊற்றுங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகி, காய்ந்ததும் மங்கினால் குற்றம் பூச்சின் மேற்பரப்பில்தான். நீர் நுண்ணிய கீறல்களை நிரப்பியதால் ஒளி சிதறவில்லை. மெருகுப் பசையிட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். நனைந்தும் வெள்ளைக் கோடுகள் போகாவிட்டால் அரிப்பு அடியில் இருக்கிறது. பழைய பூச்சு முழுவதையும் எடுத்தாக வேண்டும்.

எடுப்பதற்குக் காஸ்டிக் சோடா கூடாது. அது ஆக்சைடையும் கரைத்து, உலோகத்தையும் தின்று, ஹைட்ரஜனை வெளியிடும். 'ஒரே துடைப்பில் பளிச்' என்று விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கிவிடும். அத்தகைய புட்டியை நீங்கள் தொடவே வேண்டாம்.

பூச்சு நீங்கியபின் உப்புத்தாளின் வேலை. 400 எண் தாளின் மணல் ஏறத்தாழ 35 மைக்ரான். 2000 எண்ணில் 10 மைக்ரான். ஒவ்வொரு தாளும் முந்தியதன் கீறலை அழித்துத் தன் சிறு கீறலை விட்டுச் செல்கிறது. அவசரப்பட்டு நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால், ஆழமான கீறல் கடைசி மெருகில் எட்டிப் பார்க்கும். தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். உலர்ந்த அலுமினியத் தூள் எளிதில் தீப்பற்றும். இறுதியில் தடவும் மெருகுப் பசைகள் பலவற்றில் இருப்பது என்ன தெரியுமா? அதே அலுமினியம் ஆக்சைடின் பொடிதான்!

இப்போது சக்கரம் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் பூச்சில்லாத உலோகம் உப்புக் காற்றில் சில வாரங்களிலேயே மீண்டும் கறுக்கத் தொடங்கும். எண்ணெய்ப் பசையை நன்கு துடைத்து, கைபடாமல் உடனே லாக்கர் பூச வேண்டும்.

இன்னொன்று. சிலர் பழைய பெயிண்டைத் தீச்சுடர் காட்டி எரித்து எடுப்பதுண்டு. இது ஆபத்து. இந்தக் கலவையை வார்த்தபின் ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டென்று நீரில் குளிர்வித்து, மறுபடி 155 டிகிரி அளவில் சில மணி நேரம் வைக்கிறார்கள். அப்போது மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்து மிக நுண்ணிய துகள்களாகி உலோகத்துக்கு உறுதி தருகின்றன. கட்டுப்பாடில்லாத சூட்டில் அத்துகள்கள் பருத்து, எண்ணிக்கையில் குறைந்துவிடும். சக்கரம் மென்மையாகிவிடும், வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது. விரிசல் கண்ட சக்கரமும் அப்படியே. அதற்கு மெருகேற்றினால் விரிசல் மறையும், போகாது. காரும் ஆட்களும் சேர்ந்த பாரத்தை அந்த நான்கு வார்ப்புகள்தான் தாங்கி ஓடுகின்றன.